எதிர் நாற்காலி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ராக்ஸேன் மெக்விட்டி இரண்டு மடக்கு நாற்காலிகளை நடைபாதையில் விரித்தாள். ஒன்று தனக்கு. இன்னொன்று அதற்கு நேர் எதிரே, மூன்றடி தள்ளி. நான்கு வருடமாக இதே இடம், இதே நாற்காலிகள். தெரியாதவர்கள், பாவம், சதுரங்கம் ஆடத் துணை கிடைக்காத கிழவி என்று நினைத்துக்கொண்டு போவார்கள். ஒரு தடவை ஒரு சுற்றுலாக்காரர் காலியாகத்தானே கிடக்கிறது என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஐஸ்கிரீமைத் தின்று முடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம், வெள்ளை வெளேரென்று எட்டு மாடி எழுந்து நிற்கிறதே சபைக் கட்டடம், அதற்குள் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அந்த நாற்காலிகளின் அர்த்தம் தெரியும். தெரிந்ததால்தான் இந்தப் பக்கத்துச் சன்னல்களுக்கெல்லாம் திரை போட்டிருந்தார்கள்.

சபை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். முழுப் பெயரையும் சொன்னால் நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வந்து வாசலில் கிடக்கும். அதோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஃப்ளோரிடாவின் பெலிகன் பாயின்ட் ஊரில் பாதிக் கடைத்தெரு அவர்களுடையது, நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

ராக்ஸேனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உள்ளே இருக்கிற மகள் டார்சி தன்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். திட்டினாலும் சரி. பத்து வருடமாக அந்த வாயிலிருந்து ஒரு எழுத்து வரவில்லை. தெருவில் பார்த்தால் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வதுகூடக் கிடையாது. விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போவாள். கோபமாக முறைத்திருந்தால் ராக்ஸேன் அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருப்பாள்.

ராக்ஸேன் சபைக்குப் போனது இருபத்திரண்டு வயதில். அப்போது சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள், தீராத ஒற்றைத் தலைவலி. இரண்டு தகரக் குவளைகளைக் கையில் கொடுத்து, முள் ஆடுகிற ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். நீ இந்த உடம்பில்லை, கோடானுகோடி வருடமாக உடம்பு மாற்றி மாற்றி வருகிறவள், பட்ட அடியெல்லாம் உள்ளே பதிந்து கிடக்கிறது, சொல்லித் தீர்த்தால் விடுதலை என்றார்கள். சும்மா சொல்லக் கூடாது, தலைவலி போய்விட்டது. பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் இருந்தால் எத்தனையோ வலி போகும் என்று அந்த வயதில் அவளுக்கு யார் சொல்வது? நூறு கோடி வருடம் உழைப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுச் சீருடை மாட்டிக்கொண்டாள். ஒரு பிறவி உழைப்பு அவர்களுக்குப் போதாதாம்.

அங்கே முதல் பாடமே உட்கார்ந்திருப்பதுதான். இரண்டு பேர் எதிரெதிரே, மூன்றடி இடைவெளி, தொடைமேல் விரித்த கை. ஒருவர் மாணவர், ஒருவர் பயிற்சியாளர். பயிற்சியாளர் "ஆரம்பி" என்றதும் மாணவர் பிணம்போல உட்கார வேண்டும். முகம் கோணக் கூடாது, பார்வை நகரக் கூடாது. அதற்கடுத்தது சீண்டல். பயிற்சியாளர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்: உன் மூக்கு, உன் அம்மா, உன் பழைய காதலன், எதுவும். மாணவர் உதடு துடித்தால் "போச்சு" என்பார். மறுபடி "ஆரம்பி". இப்படி இரண்டு மணி, மூன்று மணி நேரம். முடிக்கிறபோது "அவ்வளவுதான்" என்று ஒரு வார்த்தை. அது காதில் விழும்வரை மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டக் கூடாது. ஆரம்பித்தவர்தான் முடிக்க வேண்டும், வேறு யாரும் நடுவில் புகுந்து முடிக்க முடியாது. அது நிறுவனர் எழுதி வைத்த விதி. அவர் எழுதியதில் கமாவைக்கூட நகர்த்த முடியாது.

சீண்டலில் ராக்ஸேனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வளர்ந்த ஆண்பிள்ளைகள் அவள் எதிரே உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். அவளை மாணவியாக உட்கார வைத்தாலோ, இருபத்தெட்டு வருடத்தில் ஒருத்தராலும் அவள் முகத்தில் ஒரு கோடு விழ வைக்க முடியவில்லை. இதில் அவளுக்கு அப்போது பெருமை வேறு.

மகளுக்கு ஒன்பது வயதானபோது அவளையும் உட்கார வைத்தாள். டார்சியின் அப்பா அவள் பிறந்த வருடமே அலாஸ்காவுக்குக் கிளம்பிப் போனவர், அவரால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. குழந்தைக்கு அம்மாவும் சபையும்தான் உலகம். எதற்கும் அசையாத அந்தக் குட்டி ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உடைவாள். ராக்ஸேன், கடையில் ஊறுகாய் பாட்டில் உடைந்தால் ஒலிபெருக்கியில் ஆள் கூப்பிடுகிற அந்தப் பழைய கடைக் குரலை எடுத்துக்கொண்டு, மூக்கால், உணர்ச்சியே இல்லாமல் அறிவிப்பாள்: "ஏழாம் வரிசையில் மிஸ்டர் ஸ்டோவர் கொட்டிக் கிடக்கிறார். துடைக்க ஆள் வரவும்." ஸ்டோவர் அப்போது பயிற்சிக் கூடத்து மேற்பார்வையாளர். இஸ்திரி போட்ட துண்டுபோல எப்போதும் விறைப்பாக நிற்கிற மனிதர். அவர் ஊறுகாய்த் தண்ணீராகத் தரையில் பரவிக் கிடப்பதை நினைத்து டார்சி கீழே விழுந்து புரண்டு சிரிப்பாள். "போச்சு" என்று சொல்லவே ராக்ஸேனுக்கு மூச்சு வாங்கும்.

பதினான்காவது வயதில் ஒரு நாள் டார்சி அதற்கும் சிரிக்கவில்லை. கண்ணில் ஒரு அசைவு இல்லை. கூடமே எழுந்து நின்று கைதட்டியது. எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் ராக்ஸேன். வயிறு எரிய எரிய அவள் பிற்பாடு நினைத்து நினைத்துப் பார்த்தது அந்தக் கைதட்டலைத்தான்.

சரி, வெளியே எப்படி வந்தாள்? தம்பியால். ஆர்லன் என்று ஒரே தம்பி, சபையைக் கேலி பேசினான் என்பதற்காக நச்சாள் என்று முத்திரை குத்தினார்கள். நச்சாளோடு பேச்சு வைத்துக்கொண்டால் நோய் வரும், விடுதலைக்கு ஏறின படியெல்லாம் சறுக்கும் என்பது சபையின் நம்பிக்கை. பேசக் கூடாது, எழுதக் கூடாது, செத்தால் போகக் கூடாது. அதற்குப் பெயர் அறுப்பு. ராக்ஸேன் தன் கையாலேயே தம்பிக்கு அறுப்புக் கடிதம் எழுதிப் போட்டாள், நான்கே வரி. பதினெட்டு வருடம் கழித்து அவன் ஈரல் கெட்டுக் கிடக்கிறான் என்று தெரிந்து, ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து போன் போட்டாள். அவன் கோபிக்கவில்லை. எங்கே போயிருந்தே, சாப்பிட்டியா என்று கேட்டான். அந்த இரண்டு கேள்வியில் அவளுக்குள் என்னவோ விட்டுப்போயிற்று.

மறுநாள் அவள் டார்சிக்குப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தாள். டார்சிக்கு இருபத்து நாலு வயது, தானே பயிற்சியாளராவதற்கான கடைசித் தேர்வு. கூடத்தில் குளிர்சாதனம் எலும்பைத் தொட்டது, பெண்ணுக்கு ஜலதோஷம் வேறு. கை விரித்துத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ராக்ஸேன் குனிந்து, கட்டை விரலை உள்ளே வைத்து மூடிக்கோ, நான் பார்க்கலை, என்று முணுமுணுத்துவிட்டு "ஆரம்பி" என்றாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு அதிகாரிகள் வந்து தோளைத் தொட்டார்கள். பெட்ரோல் பங்கு போன் விஷயம் அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. ராக்ஸேன் எழுந்தாள். "நான் வந்துர்றேன். அசையாதே," என்றாள் மகளிடம். போனவள் போனவள்தான். விசாரணை, முத்திரை, பின் வாசல் வழியாக வெளியே. ஒரு பை, ஒரு கோட்டு. தம்பியையும் உயிரோடு பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

ஆறு வருடம் ஜார்ஜியாவில் போய் ஒளிந்துகொண்டாள். மகள் தன்னை வெறுக்கிறாள், வெறுக்கட்டும், அது எனக்கு வேண்டியதுதான் என்று காலம் தள்ளினாள். அங்கேதான் ஒரு நாள் வெண்டல் தேடிக்கொண்டு வந்தார். சபையின் பஸ்ஸை முப்பது வருடம் ஓட்டியவர், பிறகு அவரும் கழன்றுகொண்டார், வழுக்கைத் தலையும் வாய் நிறையப் பேச்சுமான மனிதர். அவர்தான் அந்த விஷயத்தைச் சொன்னார். அன்றைக்கு டார்சி எழுந்திருக்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆரம்பித்தவர் வராமல் முடிக்க முடியாதே, யாருக்கும் தொட தைரியமில்லை. கடைசியில் இரவுச் சாப்பாட்டு மணி அடித்ததும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள்.

ராக்ஸேன் அடுத்த வாரமே பெலிகன் பாயின்ட்டுக்குத் திரும்பி, சூப்பர்மார்க்கெட்டில் பன்றிக்கறி சீவுகிற வேலையில் சேர்ந்து, இரண்டு மடக்கு நாற்காலி வாங்கினாள்.

சபை சும்மா இருக்குமா? முள் ஆடுகிற பெட்டிக்கு முன்னால் அவள் நம்பிச் சொன்ன அந்தரங்கமெல்லாம் துண்டுப் பிரசுரமாகி அவள் வேலை செய்கிற கடையின் கார்களில் செருகப்பட்டது. இருபது வயதில் கலைத்த கர்ப்பம் வரைக்கும் அதில் இருந்தது. வெட்கங்கெட்டவர்கள். கடைக்காரப் பெண்கள் அத்தனையையும் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு சபை கோர்ட்டுக்குப் போய் ஒரு உத்தரவு வாங்கியது: ராக்ஸேன் சபை ஆட்களுக்குப் பத்தடிக்குள் போகக் கூடாது, யாரையும் விரலால்கூடத் தொடக் கூடாது. அவர்களாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று வெண்டல் எழுந்து கேட்டார். அது அவர்கள் பாடு என்றார் நீதிபதி. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டதாக வெண்டல் இன்றைக்கும் சாதிக்கிறார்.

இந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். அன்றைக்கு மத்தியானம் சபையின் புது மண்டபம் திறப்பு. வெளியூரிலிருந்து ஆயிரம் பேர், பித்தளைக் கருவிகளோடு ஒரு வாத்தியக் கோஷ்டி, மேயர், வாசலில் ஒரு பெரிய நீல ரிப்பன். ரிப்பனுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு ராக்ஸேன். வெண்டல் வழக்கம்போல வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, காப்பி பிளாஸ்க்கோடு வந்தார். முகம் சரியில்லை.

"திங்கக்கிழமை அவளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புறாங்களாம், ராக்ஸி."

யார் சொன்னது என்று கேட்டாள். முடி வெட்டுகிற சாலிதான் சொன்னாளாம். பாஸ்போர்ட் படத்துக்காக டார்சி வியாழக்கிழமை முடி வெட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே போனவர்கள் திரும்பி வருவது அபூர்வம். பாஸ்போர்ட்டைச் சபையே வாங்கி வைத்துக்கொள்ளும். ராக்ஸேன் காப்பியைக் கீழே வைத்தாள். நான்கு வருடம் இருநூறு சனிக்கிழமை உட்கார்ந்ததெல்லாம் இன்றோடு சரியா? இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

அந்த நேரத்தில்தான், இப்போது சபையின் பெரிய அதிகாரியாகிவிட்ட ஸ்டோவர், அந்தத் தப்பைச் செய்தார். வேறு எந்த மதத்துக்காரனும், எந்தக் கம்பெனிக்காரனும் செய்ய மாட்டான். தன் பயிற்சியைத் தானே முழுசாக நம்புகிற ஆளுக்குத்தான் அது தோன்றும். ரிப்பன் வெட்டுகிற நேரத்துக்கு இந்தக் கிழவி இங்கே இருக்கக் கூடாது. மிரட்டிப் பார்த்தாயிற்று, அசிங்கப்படுத்திப் பார்த்தாயிற்று, அவள் நகரவில்லை. சரி, அவள் மகளையே கொண்டுபோய் எதிரே வைப்போம். சபையிலேயே கெட்டி முகம் டார்சிக்குத்தான். பெற்ற பெண் கல்லாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இவள் உடைவாள், அழுவாள், பாய்ந்து கட்டிக்கொள்வாள். கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது, கோர்ட்டு உத்தரவு மீறல், போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். படம் பிடிக்க இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்தார்.

அவர் பின்னால் டார்சி வந்தாள். கருநீலச் சீருடை, புதிதாக வெட்டிய முடி. முப்பத்து நாலு வயதில் காதோரம் நரைத்திருந்தது. ராக்ஸேனுக்கு அந்த நரையைப் பார்த்ததும் உயிரே போய்விட்டது. இது எப்போது வந்தது, எனக்குத் தெரியாமல் என் பிள்ளைக்கு எப்போது நரைத்தது என்று மனசு அரற்றியது. கையைத் தொடைக்குக் கீழே கொடுத்து, மேலே உட்கார்ந்துகொண்டாள். தொட்டுவிடக் கூடாதே.

டார்சி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகு நேராக, பார்வை அம்மாவின் கண்ணில். பார்வை இருந்தது, ஆள் இல்லை.

"பேசணும் பேசணும்னு நாலு வருஷமா உட்கார்ந்திருக்கீங்க, ராக்ஸேன்," என்றார் ஸ்டோவர். "பேசுங்க. முடிஞ்சதும் நாற்காலியை மடக்கிட்டுக் கிளம்புங்க."

"அவ பேசலேன்னா?"

"பேச மாட்டா. அதை உங்க கண்ணால பார்க்கட்டும்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

வெண்டல் பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எதிர்ப்புறம் வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கிற சத்தம் கேட்டது.

ராக்ஸேனுக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்றுதான். தொண்டையைச் செருமி, பழைய கடைக் குரலை எடுத்தாள். ஏழாம் வரிசையில் மிஸ்டர் ஸ்டோவர் கொட்டிக் கிடப்பதாகவும் துடைக்க ஆள் தேவை என்றும் மூக்கால் அறிவித்தாள். படம் பிடிக்கிறவர்களில் ஒருவர் இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டார். ஸ்டோவரின் காது சிவந்தது. டார்சியின் முகத்தில் ஒன்றுமே இல்லை. பதினான்காவது வயதில் இருந்த அதே முகம், தான் கைதட்டி வளர்த்த முகம்.

அப்புறம் ராக்ஸேன் மன்னிப்புக் கேட்டாள். ஆர்லன் மாமா செத்ததைச் சொன்னாள். அவன் கேட்ட இரண்டு கேள்வியைச் சொன்னாள். கைதட்டியதற்காகத் தன் கையை வெட்டிப் போடலாம் என்றிருக்கிறது என்றாள். ஜார்ஜியாவில் ஒளிந்திருந்தது கோழைத்தனம், வேறு பெயர் இல்லை என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏண்டி, பெத்தவ கெஞ்சுறேன். ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லித் தொலையேன்."

ஸ்டோவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். ராக்ஸேனின் கண்ணில் நீர் முட்டியது. அதைப் படம் பிடிக்கக் கருவி இரண்டும் நெருங்கி வந்தன. இவன் முன்னால் அழக் கூடாது என்று குனிந்தாள்.

குனிந்ததால்தான் மகளின் கை கண்ணில் பட்டது.

டார்சியின் கைகள் விரிந்திருக்கவில்லை. மூடியிருந்தன. இரண்டு கட்டை விரலும் உள்ளே. ஜூன் மாத ஃப்ளோரிடா, தார் உருகுகிற வெயில், நெற்றியில் வியர்வை வழிகிறது; இந்தப் பெண் குளிருக்குக் கை மூடியதுபோல மூடி வைத்திருக்கிறாள். சபையிலேயே முதல்தரப் பயிற்சியாளர், விதி தெரியாதவள் இல்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. சாலையைக் கடந்து வந்ததிலிருந்து யாரும் "ஆரம்பி" என்று சொல்லவில்லை. அந்தச் சொல் இல்லாமல் சபையில் ஒரு பயிற்சியும் தொடங்காது. ஸ்டோவர் சொல்ல மறந்தார். டார்சியும் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஏன் காத்திருப்பாள்? அவளுக்குத்தான் ஏற்கெனவே ஆரம்பித்தாயிற்றே. பத்து வருடத்துக்கு முன்னால், ஒரு குளிர்ந்த கூடத்தில், அம்மா ஆரம்பித்துவிட்டு அசையாதே என்று சொல்லிப் போனது. அது முடியவே இல்லை. இத்தனை வருடமும் தெருவில் விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தது வெறுப்பில்லை, என் பிள்ளை நான் சொன்னபடி உட்கார்ந்திருக்கிறாள்.

ராக்ஸேன் நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. பயிற்சியாளர்கள் உட்காருவதுபோல முதுகை நேராக்கிக்கொண்டு, கூடத்தில் பேசுகிற அதே அமைதியான குரலில் சொன்னாள்.

"டார்சி. நான் வந்துட்டேன். அவ்வளவுதான்."

அந்தச் சொல்லுக்குப் பழகின உடம்பு அது. டார்சியின் தோள் இரண்டும் கீழே இறங்கின. இமை கொட்டிற்று, ஒரு முறை, பிறகு நாலைந்து முறை. கை திறந்தது. உள்ளங்கையில் நகம் பதிந்து நான்கு நான்கு வெள்ளைப் பிறைகள் தெரிந்தன. சீருடைக் கையாலேயே மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். ஏதோ நெடுநேரம் தண்ணீருக்கு அடியில் இருந்தவள்போல வாயால் மூச்சு விட்டாள்.

ஸ்டோவர் பதறிப்போனார். "போச்சு," என்றார் உரக்க. "ஆரம்பி."

டார்சி அவரைத் திரும்பிப் பார்த்தாள். மரியாதையாகத்தான் பேசினாள், பாடம் ஒப்பிக்கிற குரல்.

"இதை ஆரம்பிச்சது நீங்க இல்லை, சார். ஆரம்பிச்சவங்க முடிச்சுட்டாங்க. நடுவுல வேற யாரும் வரக் கூடாதுன்னு நிறுவனர் எழுதியிருக்கார். நீங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க."

நிறுவனர் எழுத்தில் கமாவை நகர்த்தக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே மேலே வந்தவர் ஸ்டோவர். படக்கருவி இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஏற்பாடு செய்த கருவிகள், அவர் ஆட்கள். விதி தப்பு என்று அவற்றுக்கு முன்னால் அவர் வாயால் எப்படிச் சொல்வார்? எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான், மறைக்க விரும்பவில்லை.

டார்சி அம்மா பக்கம் திரும்பினாள். "அஞ்சு மணி நேரம்," என்றாள். குரல் துருப்பிடித்த தாழ்ப்பாள்போல வந்தது.

"தெரியும் கண்ணு."

"வர்றேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"லேட்டு."

"ரொம்ப லேட்டு," என்றாள் ராக்ஸேன்.

ஸ்டோவர் கடைசியாக ஒன்று செய்து பார்த்தார். இப்போதே எழுந்து சாலையின் அந்தப் பக்கம் வராவிட்டால் அவளுக்கும் நச்சாள் முத்திரைதான், ஏறின படியெல்லாம் போய்விடும், நூறு கோடி வருடமும் வீண் என்றார். டார்சி வெள்ளைக் கட்டடத்தை மாடி மாடியாகப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு அதுதான் வீடு. அவள் படுக்கை, அவள் சிநேகிதிகள், அவள் பல் துலக்குகிற பிரஷ், எல்லாம் அந்தத் திரைகளுக்குப் பின்னால் இருந்தன. ராக்ஸேன் பேசாமல் இருந்தாள். இனி ஒரு சொல் தான் சொன்னாலும் அது இன்னொரு "ஆரம்பி" ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

டார்சி எழுந்தாள். சட்டைப் பையிலிருந்து பெயர்ப் பட்டையைக் கழற்றி ஸ்டோவரின் கையில் வைத்தாள்.

"முப்பத்தி நாலு வருஷம் நான் பார்த்தாச்சு, சார். மீதியை வேற யாருக்காவது குடுங்க."

பிறகு அம்மாவிடம் கையை நீட்டினாள். ராக்ஸேன் கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுக்கவே பயந்தாள். தொடக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு, அந்த ஆள் படம் பிடிக்கிறார் என்று முணுமுணுத்தாள்.

"உத்தரவு உனக்குத்தானே? எனக்கு இல்லையே," என்றாள் டார்சி. குனிந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, எழுப்பி நிறுத்தி, அப்படியே கட்டிக்கொண்டாள். வெண்டல் அந்தக் காட்சியை நன்றாகப் படம் பிடிக்கச் சொல்லிக் கருவிக்காரர்களுக்கு யோசனை சொன்னார். கோர்ட்டுக்கு உதவும் என்றார்.

எதிரே ரிப்பன் வெட்டியாயிற்று போலும், வாத்தியம் முழங்கியது. ஆயிரம் பேர் கைதட்டினார்கள். மண்டபத்துக்காகத்தான் தட்டினார்கள், யார் இல்லையென்றது. ஆனால் சன்னல் திரைகளில் ஏழெட்டு விலகியிருந்ததை வெண்டல் எண்ணிப் பார்த்தார். ஒரு சன்னலிலிருந்து ஒரு கை அசைந்ததாகவும் சொல்கிறார். ராக்ஸேன் எதையும் பார்க்கவில்லை. மகளின் காதோர நரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வெண்டல் நாற்காலிகளை எடுக்கப் போனார். டார்சி விடவில்லை. இரண்டையும் தானே மடக்கி, இரண்டையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டாள். மூன்று பேரும் வண்டியை நோக்கி நடந்தார்கள். ஸ்டோவர் அதே இடத்தில், பெயர்ப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலில் வியர்த்து வழிய நின்றிருந்தார். அவருடைய விறைப்பான சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

டார்சி ஒரு தடவை அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முகத்தில் ஒரு கோடு விழாமல், மூக்கால், உணர்ச்சியே இல்லாமல் சொன்னாள்:

"ஏழாம் வரிசையில் மிஸ்டர் ஸ்டோவர் கொட்டிக் கிடக்கிறார். துடைக்க ஆள் வரவும்."

இருபத்தெட்டு வருடம் ஒருத்தராலும் அசைக்க முடியாத ராக்ஸேன் மெக்விட்டி, நட்ட நடுத் தெருவில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விளக்குக் கம்பத்தில் சாய்ந்து சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாயிற்று. டார்சி நாற்காலிகளோடு நின்று, தலையைச் சாய்த்து, அம்மாவை நிதானமாகப் பார்த்தாள்.

"போச்சு," என்றாள்.